இசைக்கு மொழியில்லையா?

1961 ஆம் ஆண்டு மே 9, 10 ஆகிய இரு நாள்களிலும் நியூயார்க்கு நகரத்துக் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தின் மக்மிலின் அரங்கில் ஓர் இசை நிகழ்ச்சி நடைபெற்றது. இசையரங்கு என்றால் பாடுவோர் இருப்பர், யாழோ குழலோ இருக்கும், முழவு இருக்கும். இவ்வரங்கிலோ ஒலிபெருக்கிகளே முதன்மைப் பாடகராய் நின்றன. முன்னரே நாடாவிற் பதிந்து, வெட்டி, ஒட்டி, விரைவு மாற்றி, தலைகீழாக ஓட்டி அமைத்த ஒலிகள் அவற்றின் வாயிலிருந்து புறப்பட்டன. சில ஆக்கங்களில் அவற்றோடு மாந்தக் குரலும் கருவியும் சேர்ந்துகொண்டன. வேறு சிலவற்றில் மேடைமேல் ஆளே இல்லை. கொலம்பியா, பிரின்சுடன் ஆகிய இரு பல்கலைக்கழகங்களும் கூடி நிறுவிய மின்னிசை நடுவம் பொதுமக்கள்முன் வைத்த முதல் அரங்கேற்றம் அது.

ஏழு இசைஞரின் ஆக்கங்கள் அன்று அவையேறின. அவ்வெழுவர் யாவர், எந்நாட்டினர் என்று பார்ப்பது நலம். ஓட்டோ லூனிங்கு, மில்டன் பாபிட்டு, சார்லசு ஊரினன் ஆகிய மூவரும் அமெரிக்க மண்ணிற் பிறந்தவர். விளாதிமிர் உசாச்செவ்சுக்கி மஞ்சூரியாவில் உருசியப் பெற்றோர்க்குப் பிறந்தவர். புலெண்டு அரேல் துருக்கியர். மாரியோ தவிடோவ்சுக்கி அருசெந்தீனத்தார். ஆலிம் எல்-தாபு எகிப்தியர். ஏழில் நால்வர் வேற்றுநிலத்தார்! அமெரிக்கப் பல்கலைக்கழகத்தின் புதுமை என்று உலகம் பேசிய ஒன்றிற் பாதிக்குமேல் பிறநாட்டு மூளையும் பிறநாட்டுச் செவியும் இருந்தன. அவர்கள் அங்குச் சென்றது ஏன்? கதவைத் திறந்து, கருவியைத் தந்து, 'உன் விருப்பம்போற் செய்துபார்' என்று சொல்வதற்கு அங்கு ஓர் அறை இருந்தது. பிறந்த ஊரில் அவ்வறை இல்லை.

அவ்வறையும் ஒரே நாளில் வந்துவிடவில்லை. 1952 ஆம் ஆண்டு அதே மே 9 ஆம் நாள் அதே அரங்கில் உசாச்செவ்சுக்கி தம் முதல் முயற்சிகளைக் காட்டினார். பல்கலைக்கழகத்தின் இசைத்துறை வாங்கியிருந்த நாடாப் பதிவுப் பொறியை வைத்துக்கொண்டு, பியானோவின் ஒலியைத் தாழ்த்தியும் உயர்த்தியும் எதிரொலி கூட்டியும் செய்தவை அவை. பின்னர் 1959 இல் இராக்கபெல்லர் அறக்கட்டளை 1,75,000 தாலர் கொடுத்தது. ஆர்.சி.ஏ. நிறுவனத்தின் மாபெரும் ஒலிக்கூட்டுப்பொறி ஒன்றும் அவ்விடம் வந்து சேர்ந்தது. ஓர் அறையின் சுவரை அடைத்துக்கொண்டு நிற்கும் அப்பொறிக்கு விரற்பலகை இல்லை. தாள்சுருளில் துளையிட்டுத்தான் கட்டளை கொடுத்தல் வேண்டும். சுரத்தின் உயரம், நீளம், வன்மை, நிறம் ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு துளை. காஞ்சிபுரத்து நெசவாளர் கரைப்பூவுக்கு அட்டையில் துளையடிப்பதைப் பார்த்தவர்க்கு இது வியப்பாயிராது. பூவை நூலுக்குச் சொல்வது அங்கு. ஒலியை மின்னுக்குச் சொல்வது இங்கு.

இத்தகைய இசையைப் பற்றித் தமிழரிடையே பேச்செடுத்தால் இருவகை மறுமொழிகள் எழும். ஒரு சாரார், "இஃது இசையா? தகரக்கடை இரைச்சல்!" என்று செவியைப் பொத்திக்கொள்வர். மற்றொரு சாரார், மேலை நாட்டார் செய்தமையாலேயே அதனை உயர்ந்ததென்று கொண்டு, பொருள் புரியாவிடினும் தலையாட்டுவர். அவருட் சிலர் அதன் ஆங்கிலப் பெயர்களை உருட்டுவதையே இசையறிவாகக் கருதுவர். இவ்விரு சாராரும் ஒரே குற்றத்தையே செய்கின்றனர். இருவருமே கேட்கவில்லை!

கேட்டிருந்தால் ஓர் உண்மை தென்பட்டிருக்கும். தமிழினத்துக்கு அது மிகவும் வேண்டப்படும் உண்மை.

1941 ஆகத்துத் திங்களில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழிசை மாநாடு கூடியது. தமிழ்நிலத்துப் பாடகர் தமிழ்ப் பாட்டுகளை மிகுதியாகப் பாடுதல் வேண்டும் என்னும் எளிய கோரிக்கையை அது முன்வைத்தது. தன் வீட்டில் தன் மொழி ஒலிக்க வேண்டும் என்று கேட்பதற்கும் ஒரு மாநாடு! அதற்கும் எதிர்ப்பு எழுந்தது. எதிர்த்தவர் கையிலெடுத்த படைக்கலன் ஒன்றே: "இசைக்கு மொழியில்லை, சுரமே உயிர், சொல் வெறுங்கூடு." இசைக்கு மொழியில்லை என்றவர்கள், அந்த மொழியற்ற இசையைத் தெலுங்கிலும் வடமொழியிலும் மட்டும் பாடவேண்டுமென்று ஏன் அடம்பிடித்தார்களோ, அவர்களுக்கே வெளிச்சம். 1943 இல் சென்னையில் தமிழிசைச் சங்கம் எழுந்தது, இயக்கம் வளர்ந்தது. ஆயினும் அப்பழைய வாய்ப்பாடு இன்றும் இறந்துபடவில்லை. கச்சேரி மேடைகளில் தமிழ்ப்பாட்டு இறுதியிற் சிறுபாட்டாய்த் துக்கடா என்னும் பெயரால் ஒதுக்கப்படும்போதெல்லாம் அஃது உயிர்த்தெழுகின்றது.

அவ்வாய்ப்பாட்டைக் கொலம்பியா அரங்கிற் கொண்டுபோய் வைத்துப் பார்த்தல் வேண்டும். பாடுவோன் தொண்டையையும் விட்டு, கருவியின் நரம்பையும் விட்டு, மின்னலைவிலிருந்தே ஒலியைப் பிறப்பிக்க வல்ல இசை அது. மொழியைத் துறக்க இயலுமாயின் அவ்விசைக்கன்றோ முதலில் இயன்றிருக்கும்? ஆனால் நடந்தது வேறு.

உசாச்செவ்சுக்கி அன்று வைத்த ஆக்கம் படைப்பைப் பற்றியது. பாடற்குழுக்களின் குரலும் மின்னொலியும் கலந்த அதற்கு அவர் தேர்ந்த மொழிகள் இரண்டு: ஒன்று இலத்தீன், உரோமப் பாவலன் ஓவிதின் பாட்டு, மற்றொன்று பாபிலோனியரின் அக்காடியம், எனுமா எலிசு என்னும் படைப்புப் பாவியம். வானுக்கும் நிலத்துக்கும் பெயரிடப்படாதிருந்த காலத்தைக் கூறித் தொடங்குவது அப்பாவியம். நினிவே நகர இடிபாடுகளிற் களிமண் பலகைகளில் எழுத்தாய்க் கிடைத்தது. ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகளாக அக்காடியம் ஒருவர்க்கும் தாய்மொழி அன்று. அமெரிக்காவில் ஆங்கிலம் பேசி வாழ்ந்த உருசியக் குடும்பத்து மகன், உலகின் புத்தம்புதுப் பொறிக்குமுன் நின்று பாட மாண்டுபோன ஒரு மொழியை எழுப்பிக் கொணர்ந்தான். அம்மொழியின் ஓசை வேறொரு மொழியால் வாராது என்பதை அவன் செவி அறிந்திருந்தது. மாண்ட மொழிக்கு அம்மதிப்பு! இறவாது இன்றும் கோடி நாவில் வழங்கும் தமிழ் தன் பாடற்கலைக்கு உதவாது என்று தமிழனே சொன்ன காலமும் அதற்கு இருபதாண்டு முன்னையதே.

பாபிட்டின் ஆக்கம் திலான் தாமசு என்னும் பாவலரின் ஆங்கிலப் பாவுக்குப் பெண்குரலும் மின்னொலியும் சேர்த்து அமைந்தது. இங்கு ஓர் இடைச்செய்தி. திலான் தாமசு ஆங்கிலர் அல்லர், வேல்சு நாட்டவர். அவர்தம் பெற்றோர் இருவரும் வேல்சுமொழி பேசத் தெரிந்தவர். மகனுக்கு அதனைக் கற்பிக்கவில்லை. தந்தையார் ஆங்கில ஆசிரியர். மகன் ஆங்கிலத்தில் எழுதி உலகப்புகழ் பெற்று 1953 இல் நியூயார்க்கிலேயே மறைந்தார். அவர் பாவின் ஒலிச்செறிவில் வேல்சுமொழியின் எதிரொலியைக் காண்போர் உளர். வீட்டில் வழங்கிய மொழியை மகனுக்கு மறுத்த பெற்றோர் வேல்சு நாட்டிலும் இருந்தனர், சென்னையிலும் உள்ளனர். ஆனால் எல்லார் மகனும் திலான் தாமசு ஆகிவிடுவதில்லை.

லூனிங்கின் வயலினும், அரேல், தவிடோவ்சுக்கி ஆகியோரின் சொல்லற்ற நாடா இசையும் பற்றி இங்கு நீள உரைக்க வேண்டுவதில்லை. சொல்லில்லா இசை உலகெங்கும் உண்டு. தமிழரின் குழலும் நாகசுரமும் சொல்லின்றியே பேசுவன. சொல்லில்லாத இசையும் உண்டு என்பது ஒன்று. இசைக்குச் சொல் வேண்டாம் என்பது வேறு. முன்னதைக் காட்டிப் பின்னதை நிலைநாட்டப் பார்ப்பது ஏமாற்று.

கொலம்பியாவுக்கு ஐந்தாண்டு முன்னரே, 1956 இல், செருமனியின் கொலோன் வானொலியிலிருந்து கார்ல்-ஐன்சு இசுடாக்கவுசன் என்பார் ஓர் ஆக்கத்தை அரங்கேற்றினார். விவிலியத்துத் தானியேல் ஆகமத்தில் தீச்சூளையிலிடப்பட்ட இளைஞர் பாடும் பாட்டைச் செருமானிய மொழியில் ஒரு சிறுவனைப் பாடச்செய்து பதிந்தார். அக்குரலை அசையசையாகவும் எழுத்தெழுத்தாகவும் பிரித்தார். உயிரெழுத்தின் ஓசை தூய அலைவுக்கு அணுக்கமானது. மெய்யெழுத்தின் ஓசை இரைச்சலுக்கு அணுக்கமானது. ஆகவே மின்னொலிகளை அவற்றுக்கு உறவாக வகுத்து, சொல் முற்றும் விளங்கும் நிலை முதல் சிறிதும் விளங்கா நிலை வரை படிப்படியாக இணைத்தார். மொழியை உடைத்தவர்தாம் அவர். ஆனால் உடைப்பதற்கும் அவருக்குத் தம் தாய்மொழியே வேண்டியிருந்தது.

உயிர் என்றும் மெய் என்றும் எழுத்துக்குப் பெயரிட்டவன் தமிழன். அவை பிறக்கும் இடத்தையும் முயற்சியையும் பிறப்பியலில் ஆய்ந்து வைத்தவர் தொல்காப்பியர். இதனை எண்ணுந்தொறும் பெருமிதம் தோன்றுதல் இயல்பே. ஆனால் உடனே, "மின்னிசையைத் தொல்காப்பியரே கண்டுவிட்டார், செருமானியன் திருடிவிட்டான்" என்று எழுதக் கிளம்புவார் தமிழியக்கத்திலும் உளர். அவர்க்கு ஒரு வேண்டுகோள்: தொல்காப்பியரை அங்ஙனம் இழிவுபடுத்தற்க! அவர் செய்தது அவர் காலத்துக்குரிய அருஞ்செயல். கொலோனில் நடந்தது வேறு. எழுத்தின் பிறப்பை அத்துணை நுணுக்கமாக அறிந்த இனத்தில், அவ்வறிவை ஒலியியற் பொறியோடு சேர்த்து மேலே கொண்டுசெல்ல முனைந்தவர் எத்துணைப் பேர் என்பதே கேட்கவேண்டிய கேள்வி. முன்னோன் தோண்டிய கிணற்றின் ஆழத்தைப் பாடிக்கொண்டே இருப்பதால் தண்ணீர் மேலே வாராது.

முனைந்தவர் அறவே இல்லை என்பதும் பிழை. தஞ்சை ஆபிரகாம் பண்டிதர் 1917 இல் கருணாமிர்த சாகரத்தை வெளியிட்டார். பெயர் வடமொழியாயினும் உள்ளீடு தமிழிசையின் கணக்கு. மட்டக்களப்பில் தோன்றிய விபுலானந்த அடிகள் அறிவியல் பயின்ற பட்டதாரி. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் தமிழ்ப் பேராசிரியராய் இருந்தவர். சிலப்பதிகாரத்தின் சொல்லைக் கையிற்கொண்டு, நரம்பின் நீளத்தையும் அலைவெண்ணையும் கணக்கிட்டு, கண்ணாற் காணவும் கிடையாமற் போன யாழை மீட்கப் பல்லாண்டு உழைத்தார். யாழ் நூல் 1947 இல் வெளிவந்தது. அவ்வாண்டே அடிகளும் மறைந்தார். இயற்பியல் கற்ற ஒருவர் தம் இனத்தின் மாண்ட ஒலியைக் கணக்கினால் எழுப்ப முயன்ற அவ்வாண்டுகளிலேதான் நீலாற்றங்கரையில் வேறொருவர் வேறொரு முயற்சியில் இருந்தார்.

அவரே ஆலிம் எல்-தாபு. கொலம்பியா எழுவருள் ஒருவர். 1921 இல் கெய்ரோவில் பிறந்து வேளாண் பொறியியல் கற்றவர். 1944 ஆம் ஆண்டு, இருபத்து மூன்று அகவை இளைஞராயிருந்தபோது, கெய்ரோ வானொலி நிலையமொன்றிலிருந்து கம்பி ஒலிப்பதிவுப் பொறி ஒன்றை இரவல் வாங்கினார். நாடா பரவாத காலம். மயிரிழை போன்ற எஃகுக் கம்பியிற் காந்தத்தால் ஒலி பதியும். அப்பளுவான பொறியைத் தூக்கிக்கொண்டு அவர் சென்றது அரண்மனை இசையரங்குக்கு அன்று. சார் என்னும் சடங்குக்குச் சென்றார். ஆவி பற்றியதாகக் கருதப்படும் பெண்டிரை ஆட்டத்தாலும் பாட்டாலும் பறையாலும் தேற்றும் சடங்கு அது. பெரிதும் பெண்டிரே நடத்துவது. கற்றவர் நாணி மறைத்த ஒன்று. வெறியாட்டும் வேலனும் கழக இலக்கியத்தில் உண்டு என்று அறிந்த தமிழர்க்கும், அம்மன் கோயிலில் பம்பையும் உடுக்கையும் ஒலிக்க அருள்வந்து ஆடும் பெண்டிரைக் கண்ட தமிழர்க்கும் அக்காட்சியை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

பதிந்த குரல்களை வானொலி நிலையத்துக்குக் கொண்டுவந்தார். எதிரொலி அறைகளில் ஒலிக்கவிட்டு மீண்டும் பதிந்தார். ஒலியின் தொடக்கத்தை நீக்கினார். அடியொலியைக் குறைத்து அதன்மேல் எழும் நுண்ணொலிகளை மட்டும் மிஞ்சவிட்டார். சொற்கள் கரைந்தன, பாடிய பெண்டிரின் மூச்சு மட்டும் அலையாய் நின்றது. அவ்வாக்கத்தைக் கெய்ரோவில் ஓவியக்காட்சிக் கூடமொன்றில் அவ்வாண்டே கேட்கச்செய்தார். பதிந்த ஒலியையே பொருளாகக் கொண்டு ஆக்கிய இசையுள், அறியப்பட்டவற்றில் மிக முந்தியவற்றுள் அது ஒன்று. பாரிசு வானொலியில் பியேர் சேபர், தொடர்வண்டி நிலையத்து ஒலிகளை இசைத்தட்டிற் பதிந்து தம் 'இரைச்சற் பயிற்சி'களை ஒலிபரப்பியது 1948 அக்குதோபரில். நான்காண்டு பிற்பட்டது. ஆயினும் இசைவரலாற்று நூல்கள் பலவும் நெடுங்காலம் பாரிசிலிருந்தே கதையைத் தொடங்கின. கெய்ரோ அவற்றின் கண்ணிற் படவில்லை. சேபர் எல்-தாபைப் பார்த்து எழுதினார் என்று எவரும் சொல்லவில்லை. அவர் தாமாகவே கண்டார். பிழை அவருடையது அன்று. தன்னாட்டான் செய்ததைத் தன் மொழியில் எழுதிப் பாதுகாவாத நாட்டை உலகம் தேடிவந்து பாராட்டாது.

1950 இல் கல்வி உதவித்தொகை பெற்று எல்-தாபு அமெரிக்கா சென்றார். லூனிங்கும் உசாச்செவ்சுக்கியும் அவரை நடுவத்துக்கு அழைத்தனர். 1959 இல் அவர் அங்கு ஆக்கியதே 1961 அரங்கில் ஒலித்த 'இலைலாவும் பாவலனும்'. அரபு நாட்டுப் பழங்காதற்கதை அதன் கரு. துளைத்தாள் கணக்கில் பிறர் மூழ்கியிருந்த அவ்விடத்தில், மாந்தக் குரலையும் தம் மண்ணின் குழலொலியையும் நரம்பொலியையும் அவர் நாடாவில் நெய்தார். அந்நடுவத்தின் இசைத்தட்டு 1964 இல் வெளிவந்தபின் மின்னிசைக்காரர் பலர் மீண்டும் மீண்டும் கேட்டது அவ்வாக்கத்தையே. பொறி ஒன்றே; இருந்த இடம் ஒன்றே. ஆனால் தன் ஊர்க்குரலைப் பொறிக்குள் கொண்டுசென்றவனின் இசை தனித்து நின்றது. பொறிக்கு நாடில்லை என்பர்; மெய்தான். அதனை இயக்குபவனின் செவிக்கு நாடு உண்டு.

இங்கே பாபிட்டின் கொள்கை ஒன்றையும் பார்த்தல் தகும். 1958 இல் அவர் இதழொன்றிற் கட்டுரை எழுதினார். 'வல்லுநனாகிய இசைஞன்' என்னும் கருத்தில் அவர் வைத்த தலைப்பை மாற்றி, 'நீ கேட்டாலென்ன, கேளாவிட்டாலென்ன' என்னும் பொருள்பட இதழாசிரியர் போட்டுவிட்டார், அப்பெயரே நிலைத்தது. கணக்கும் இயற்பியலும் பொதுமக்களுக்கு விளங்காவிடினும் பல்கலைக்கழகம் அவற்றைப் புரக்கின்றது. அவ்வாறே உயர்நிலை இசையையும் புரத்தல் வேண்டும், இசைஞன் பொதுமக்களை விட்டு விலகிப் பல்கலைக்கழகத்தின் நிழலில் வாழலாம் என்பது அவர் வழக்கு. இதில் முற்பாதி முற்றும் சரி. சந்தையில் விலைபோகாத அறிவையும் கலையையும் காப்பதற்கன்றிப் பல்கலைக்கழகம் வேறு எதற்கு? தமிழ்நிலத்துப் பல்கலைக்கழகத் தலைவர்கள் இதனைப் படித்தல் வேண்டும். பிற்பாதியோ நஞ்சு. மக்களிடமிருந்து விலகிய கலை தூய்மையடைவதில்லை, வறள்கின்றது. சார் சடங்கின் பெண்டிரை நாடிப் பொறியைத் தூக்கிச் சென்ற எகிப்தியன் பல்கலைக்கழக அறையையும் பயன்கொண்டான், மக்களையும் விடவில்லை. பின்னர் 1962 இல் எத்தியோப்பியா சென்று அடிசு அபாபாப் பல்கலைக்கழகத்தில் கற்பித்தபோதும், அந்நாட்டுப் பல்வேறு மக்களின் ஊர்க்கருவிகளை ஒரே அவையிற் கூட்டி இசைக்குழு அமைத்தான். மின்னிசை கற்றவன் செய்யும் வேலையா என்று கேட்போர்க்கு, அதுவே மின்னிசை கற்றதன் பயன் என்பதே விடை.

தமிழ்நிலத்தில் ஒப்பாரி பாடும் கிழவியர் ஆண்டுதோறும் குறைகின்றனர். ஏற்றம் இறைப்போன் பாட்டு, ஏற்றத்தோடே போயிற்று. நடவுப்பாட்டைப் பாடியவர் பேத்திமார்க்கு அது தெரியாது. 1944 இல் ஓர் எகிப்திய இளைஞன் தூக்கமாட்டாமல் தூக்கிச் சென்ற பொறியைவிட ஆயிரமடங்கு வல்ல பதிவுப்பொறி இன்று தமிழ் மாணவன் ஒவ்வொருவனின் சட்டைப்பையிலும் உள்ளது. அவன் அதிற் பதிந்து வைத்திருப்பது எது?

பெயரைப் பற்றியும் ஒரு சொல். மின்னிசை, நாடா, அலைவு, ஒலிக்கூட்டுப்பொறி, எதிரொலி அறை, துளைத்தாள் என்று இக்கட்டுரைக்கு வேண்டிய பெயரெல்லாம் தமிழிலேயே கிடைத்தன. ஒன்றுக்கும் ஆங்கிலன் வாயிலிற் கையேந்த நேரவில்லை. ஆனால் பெயர் இருந்தால் மட்டும் போதாது. அது வழங்குதல் வேண்டும். வழங்காத பெயர் எங்ஙனம் தொலையும் என்பதற்கு எல்-தாபின் முதலாக்கமே சான்று. அதற்கு அவர் இட்ட அரபுப் பெயர் 'தாபீர் அல்-சார்'. சாரின் வெளிப்பாடு என்று பொருள். நீண்டதாயிருந்த அவ்வாக்கத்தில் இன்று கேட்கக் கிடைப்பது இரண்டு மணித்துளி அளவான ஒரு துணுக்கே. ஐம்பத்தாறு ஆண்டு கழித்து 2000 இல் அது குறுந்தட்டில் வெளிவந்தது. 2017 செப்தம்பரில், தொண்ணூற்றாறாம் அகவையில், அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்தில் அவர் மறைந்தார். அக்குறுந்தட்டின் உறையில் அத்துணுக்குக்கு இடப்பட்டிருக்கும் பெயரில் சாரும் இல்லை, அரபும் இல்லை, அப்பெண்டிரும் இல்லை. 'கம்பிப் பதிவுப்பொறித் துண்டு' என்று ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறது.